நிலாவும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது

கேள்வி: விண்வெளியில் ஈர்ப்பு விசை கிடையாது, அதனால்தான் வீரர்கள் மிதக்கிறார்கள் என்று பள்ளியில் படித்தோம். நீங்களோ, பிரபஞ்சத்துக்கு உருவம் கொடுப்பதே ஈர்ப்புதான் என்று போன இதழில் எழுதியிருக்கிறீர்கள். எது சரி?

பதில்: நாங்கள் எழுதியதுதான் சரி. அந்தப் பாடம் தவறு. இந்த ஒரு தவறு மனதில் தங்கிவிட்டால் ஈர்ப்பைப் பற்றி வேறு எதுவுமே விளங்காது. அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

சர்வதேச விண்வெளி நிலையம் தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. பூமியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். ஈர்ப்பைப் பூமியின் மையத்திலிருந்து அல்லவா கணக்கிட வேண்டும்! அப்படிப் பார்த்தால் 400 ஒரு தூரமே இல்லை. அந்த உயரத்திலும் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் 88 சதவீதத்துக்குக் குறையாது. அவ்வளவு உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி அதன் உச்சியில் எடை பார்த்தால், இங்கே 60 கிலோ இருப்பவர் அங்கே 53 கிலோ இருப்பார். மிதக்க மாட்டார்.

நிலையத்தில் இருப்பவர் மிதப்பது, அவர் ஓயாமல் விழுந்துகொண்டிருப்பதால். நிலையம், அவர், அவர் கையிலிருந்து நழுவிய பேனா எல்லாம் ஒன்றாகவே விழுகின்றன. ஒன்றை ஒன்று தாங்குவதில்லை, ஆகவே எடை தெரிவதில்லை. கூடவே பக்கவாட்டில் மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகம் இருக்கிறது. அவர்கள் விழ விழ, கீழே உருண்டையான பூமியும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. ஈர்ப்பு இல்லாவிட்டால் நிலையம் நேர்கோட்டில் போயே போய்விடும். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால், நோட்டில் உள்ள அந்த வரியை இன்றைக்கே அடிக்கச் சொல்லுங்கள்.

நிலாவும் இப்படித்தான் விழுகிறது. 1687-ல் வெளிவந்த 'பிரின்சிபியா'வில் நியூட்டன் இதற்குக் கணக்கே காட்டியிருக்கிறார். இங்கே கைவிட்ட கல் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழும். நிலா இருப்பது பூமியின் ஆரத்தைப்போல் 60 மடங்கு தூரத்தில். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஈர்ப்பு குறையுமானால், நிலா ஒரு நொடியில் விழ வேண்டியது 3,600-ல் ஒரு பங்கு, அதாவது 1.4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நிலாவின் பாதை நேர்கோட்டிலிருந்து ஒரு நொடியில் வளைவதும் சரியாக அதே அளவு! மண்ணுக்கு ஒரு விதி, விண்ணுக்கு வேறு விதி என்ற பழைய நம்பிக்கைக்கு அதற்குப் பிறகு இடமில்லை. மனித மூளை போட்ட கணக்குகளில் இதைவிட அழகானது எனக்குத் தெரியவில்லை.

பிரபஞ்சத்தின் உருவத்துக்கு வருவோம். பெரும்பகுதி ஹைட்ரஜனாலான வாயு மேகம் தன் ஈர்ப்பாலேயே சுருங்கிச் சூடேறி நட்சத்திரமாகிறது. சூரியனின் மையத்தில் சுமார் 1.5 கோடி டிகிரி. அந்த வெப்பத்தின் அழுத்தம் வெளியே தள்ளுகிறது, ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது. 460 கோடி ஆண்டுகளாக இந்த இழுபறி நடக்கிறது. எரிபொருள் தீர்ந்த பிறகு ஈர்ப்பின் கை ஓங்கும். எவ்வளவு நிறை வரை ஒரு வெள்ளைக் குள்ளன் (எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி மிஞ்சும் அடர்ந்த உருண்டை) அதைத் தாங்கும் என்ற கேள்வியை, சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சந்திரசேகர், 19 வயதில், பயணத்திலேயே கணக்கிடத் தொடங்கினார். 1935-ல் புகழ்பெற்ற ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் லண்டனில் சபை நடுவே அவரை மறுத்தார். சந்திரசேகர் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்ற அந்த எல்லை இன்று அவர் பெயரால் வழங்குகிறது; 1983-ல் நோபல் பரிசும் வந்தது. அந்த எல்லையைத் தாண்டிச் சுருங்குபவைதான் நியூட்ரான் நட்சத்திரங்களும் கருந்துளைகளும்.