மெஷின் கேட்டால் திர்ஹாம் என்று சொல்லுங்கள்

கேள்வி: மகளின் பேறுகாலத்துக்காக ஷார்ஜா போகிறேன். இரண்டு மாதம் இருப்பேன். கைச்செலவு 2,000 திர்ஹாம் வரை ஆகும் என்கிறாள் மகள். என்னிடம் விசா கார்டு ஒன்று, மாஸ்டர்கார்டு ஒன்று இருக்கின்றன. எதில் நல்ல ரேட் கிடைக்கும்? மார்க்கப் இல்லாத கார்டு தருகிறோம், வருடத்துக்கு 3,000 ரூபாய்தான் என்று ஒரு பாங்கிலிருந்து தினமும் போன் வருகிறது. வாங்கலாமா?
– வாசகி, தக்கலை

பதில்: அம்மா, முதலில் விசாவா மாஸ்டர்கார்டா என்ற கவலையை விடுங்கள். இரண்டு பேரும் தினமும் ரேட் போடுகிறார்கள். வித்தியாசம் பெரும்பாலும் பைசாக் கணக்குதான். வடசேரி சந்தையில் ஏத்தன் குலைக்கு இரண்டு ரூபாய் பேரம் பேசி ஜெயித்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோக ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கொடுத்த கதை ஆகிவிடும்.

அந்த ஆட்டோக்காரர்தான் மார்க்கப். கார்டு கொடுத்த பாங்க், ரேட்டுக்கு மேல் வைக்கும் கட்டணம். நம் ஊர் சாதாரணக் கார்டுகள் பலவற்றில் 3.5 சதவீதம். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 4.13 சதவீதம்.

இதையெல்லாம் முப்பது வருடம் பாங்க் கவுண்டரில் இருந்து மற்றவர்களுக்குச் சொன்னவன் நான். ஆனாலும் என் மகளைப் பார்க்க அதே ஷார்ஜாவுக்குப் போனபோது ஏமாந்தேன். பேரனுக்கு ஸ்ட்ரோலர் வாங்கினோம், 400 திர்ஹாம். கடைக்காரப் பையன் மெஷினை என் பக்கம் திருப்பினான். மேலே திர்ஹாம் தொகை, கீழே கொட்டை எழுத்தில் 9,680 ரூபாய். நம் ரூபாயைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது, அமுக்கிவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லைப் படித்தது வெளியே வந்த பிறகு. ஒரு திர்ஹாமுக்கு 24 ரூபாய் 20 காசு போட்டிருந்தார்கள். அன்றைய கார்டு ரேட் 22.70.

திர்ஹாமை அமுக்கியிருந்தால் 9,080 ரூபாய். மார்க்கப் 317.80, ஜிஎஸ்டி 57.20 சேர்த்தால் 9,455. நான் ரூபாயை அமுக்கியதில் 225 ரூபாய் அங்கேயே போயிற்று. சரி, ரூபாயில்தானே கட்டினோம், மார்க்கப்பாவது மிச்சம் என்று நினைத்தேன். மாதக் கடைசியில் ஸ்டேட்மெண்ட் வந்தது. வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் கட்டியதற்கென்று தனியாக ஒரு சதவீதம், அதற்கும் ஜிஎஸ்டி: 114 ரூபாய். என் வீட்டுக்காரி இன்றுவரை அதை ‘ஸ்ட்ரோலர் வரி’ என்கிறாள்.

அதனால் மெஷின் கேட்டாலும் சரி, கடைக்காரர் கேட்டாலும் சரி, திர்ஹாம்தான். அவர் கேட்காமலே ரூபாயில் அடித்துவிட்டால், ரத்து செய்து மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

இனி அந்த 3,000 ரூபாய் கார்டு. கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி உண்டு, மொத்தம் 3,540. நீங்கள் செலவழிக்கப்போகும் 2,000 திர்ஹாம், நான் சொன்ன ரேட்டில் 45,400 ரூபாய். அதற்கு மார்க்கப்பும் வரியும் சேர்ந்தே 1,875 ரூபாய்தான். இதை மிச்சம் பிடிக்க 3,540 கட்டுவீர்களா? வருடத்துக்கு 86,000 ரூபாய்க்கு மேல் வெளிநாட்டில் தேய்ப்பவருக்குத்தான் அது கட்டுபடியாகும். வருடக் கட்டணமே இல்லாமல் மார்க்கப்பும் இல்லாத கார்டு கிடைத்தால் கொள்ளாம், வாங்குங்கள். போனில் சொல்வதை நம்பாமல், கட்டண அட்டவணையைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு.

முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிக்கொண்டு போகும் ஃபாரெக்ஸ் கார்டில் டாலர் ஏற்றினால் நல்லது என்று யாராவது சொல்வார்கள். 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று ரேட்டை மாறாமல் கட்டிவைத்திருக்கிறார்கள், அது உண்மை. ஆனாலும் டாலர் கார்டை திர்ஹாமில் தேய்த்தால் நாணய மாற்றுக் கட்டணம் பிடிக்கும் கார்டுகள் உண்டு. ஏற்றுவதானால் திர்ஹாமாகவே ஏற்றுங்கள்.

கிளம்பும் முன் ஒரு வேலை. பாங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாடு ‘ஆன்’ ஆகியிருக்கிறதா பாருங்கள். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகளில் அது மூடித்தான் வரும். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் ஏத்தங்காய் சிப்ஸ் மூட்டையோடு வரிசையில் நின்றுகொண்டு இதைத் தேடாதீர்கள்.

கேள்வி: பஹ்ரைனுக்குப் போகும் மகனுக்கு என் கிரெடிட் கார்டில் ஆட்-ஆன் கார்டு வாங்கியிருக்கிறேன். அவசரத்துக்கு அதில் ஏடிஎம்மில் பணம் எடுத்துக்கொள்ளச் சொல்லலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: வேண்டாம். எடுக்கும்போதே ஒரு கட்டணம், மார்க்கப் தனி, எடுத்த நாளிலிருந்தே வட்டி. சாமான் வாங்கினால் கிடைக்கும் அவகாசம் இதற்குக் கிடையாது. முதல் சம்பளம் வரும்வரை தாங்குகிற அளவுக்குக் கையில் தினார் கொடுத்து அனுப்புங்கள். கார்டு கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இருக்கட்டும்.