பெல்ட்டில் பவர் பேங்க், தொடையில் மதமதப்பு

கேள்வி: எனக்கு வயது 46. வீடு மார்த்தாண்டத்தில், அலுவலகம் நாகர்கோவிலில். தினமும் பஸ் பயணம். புதிதாக எந்த மின்னணுக் கருவி வந்தாலும் வாங்கிவிடுவேன், வாங்கியதைக் கூடவே எடுத்துச் செல்வேன். இடுப்பு பெல்ட்டின் வலப்பக்கம் ஒரு பவுச். அதில் ஒரு ஃபோனும் 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்கும் இருக்கும். வலது பேண்ட் பையில் இன்னொரு ஃபோன். தோளில் குறுக்காக மாட்டும் பையில் டேப்லெட், கிண்டில், போன மாதம் வாங்கிய கையடக்க கேம் கருவி, சார்ஜர், வயர்கள். பவுச்சின் கனத்தில் பேண்ட் இறங்குவதால் பெல்ட்டை ஒரு துளை இறுக்கிப் போடுகிறேன். இரண்டு மாதமாக வலது தொடையின் வெளிப்பக்கம் மதமதப்பும் எரிச்சலுமாக இருக்கிறது. பஸ்ஸில் நின்றால் அதிகமாகிறது, உட்கார்ந்தால் குறைகிறது. இரவில் லுங்கி உரசினால்கூடக் கூசுகிறது. ஃபோன் கதிர்வீச்சு என்கிறார் மனைவி. டிஸ்க் நகர்ந்திருக்கும் என்கிறார் உடன் வேலை செய்பவர். வர்ம ஆசானிடம் காட்டலாம் என்கிறார் பெரியப்பா. இவற்றையெல்லாம் விட்டுவிட வேண்டுமா? பல பைகள் வைத்துத் தைத்த கையில்லாத மேல்சட்டை ஒன்றை இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறேன், அதை வாங்கலாமா?

பதில்: ஒன்றையும் விட வேண்டாம். பெல்ட்டைத் தளர்த்துங்கள், பவுச்சை இன்றே கழற்றுங்கள்.

கடிதத்தை மட்டும் வைத்து நோயை முடிவு செய்வது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் நோயைக் கண்டுபிடிக்கத் தேவையான எல்லாவற்றையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கென்று தனியாக ஒரு நரம்பு உண்டு. முதுகெலும்பில் இடுப்புப் பகுதியின் இரண்டாவது, மூன்றாவது நரம்பு வேர்களிலிருந்து புறப்பட்டு, அடிவயிற்றின் உள்பக்கமாக வந்து, இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில் கவட்டைத் தசைநாருக்கு அடியில் நுழைந்து தொடைக்கு இறங்குகிறது. இடுப்பில் கை வைத்தால் முன்பக்கமாக விரலில் தட்டுப்படும் எலும்பு மேடுதான் அந்த முன்முனை. இறுக்கிக் கட்டிய பெல்ட் அழுத்துவது அங்கேதான். வயிறு சற்று முன்தள்ளியவர்களுக்குப் பெல்ட் தொப்புளுக்குக் கீழே சரிந்து, நேராக அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். உங்கள் எடையை நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலிருந்து எனக்கு ஓர் ஊகம் உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த நரம்பு நசுங்குவதால் வரும் தொல்லைக்கு மெரால்ஜியா பாரஸ்தெட்டிகா என்று பெயர். 1895-இல் பெர்ன்ஹார்ட், ரோத் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே இதைப் பற்றி எழுதினார்கள். அதே ஆண்டில் மனநல மருத்துவத்தில் பின்னாளில் பெரும் பெயரெடுத்த சிக்மண்ட் ஃப்ராய்டும், தன் தொடையிலேயே இருந்த இந்தத் தொல்லையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் இடுப்பில் பவர் பேங்க் இல்லை என்பது நிச்சயம். கனமான இடுப்புப் பட்டை அணியும் காவலர்கள், கர்ப்பிணிகள், உடல் எடை கூடியவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு இது அதிகம் வரும். வேட்டிக்கு மேல் பணம் வைக்கும் அகலமான பெல்ட்டை இறுக்கிக் கட்டி நாள் முழுவதும் நிற்கும் சந்தை வியாபாரிகளும் இதற்கு விலக்கல்ல.

மனைவியின் சந்தேகத்துக்கு வருகிறேன். உட்கார்ந்தால் குறைகிறது என்கிறீர்கள். உட்கார்ந்த பிறகும் ஃபோன் அதே பையில்தானே இருக்கிறது? கதிர்வீச்சுதான் காரணம் என்றால் அது நீங்கள் நிற்கிறீர்களா, உட்கார்ந்திருக்கிறீர்களா என்று பார்க்காது. நிற்கும்போது கவட்டைத் தசைநார் விறைக்கிறது, நரம்பு நசுங்குகிறது. உட்கார்ந்து இடுப்பை மடக்கியதும் தளர்கிறது. ஃபோனிலிருந்து வரும் ரேடியோ அலைகளுக்கு நரம்பை மரத்துப்போகச் செய்யும் வலு கிடையாது. இந்தியாவில் விற்கும் ஃபோன்களுக்கு உடல் உள்வாங்கும் இந்த அலைகளின் அளவுக்கு, உடல் திசு கிலோவுக்கு 1.6 வாட் என்ற உச்சவரம்பும் உண்டு. ஆனால் வலது பையிலிருந்து ஃபோனை எடுத்துவிடச் சொல்லும் அவருடைய யோசனை சரிதான், காரணம் மட்டும் வேறு. பெரிய ஃபோன் ஒன்று முன்பையில் இருந்தால், குனியும்போதும் உட்காரும்போதும் அதன் மேல்விளிம்பு கவட்டையில் குத்தும்.

டிஸ்க்கா என்பதை ஓரளவு நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பேனாவால் மரத்துப்போன இடத்தைத் தொடையில் வட்டமிட்டுப் பாருங்கள். வெளிப்பக்கமாக, முழங்காலுக்கு மேலேயே அந்த வட்டம் முடிந்துவிட்டால், முழங்காலை நீட்டுவதற்கும் படியேறுவதற்கும் முன்பிருந்த வலு குறையாமல் இருந்தால், பெரும்பாலும் நான் சொன்ன நரம்புதான். இது தோலின் உணர்ச்சிக்கு மட்டுமான நரம்பு, தசைக்கும் இதற்கும் தொடர்பில்லை. வலி முதுகிலோ பிட்டத்திலோ தொடங்கி முழங்காலைத் தாண்டிக் கெண்டைக்கால், பாதம் வரை மின்னல்போல் இறங்கினால்தான் டிஸ்க்கை நினைக்க வேண்டும். இரண்டு பாதங்களும் சேர்ந்து எரிந்தால் சர்க்கரையை. எப்படியானாலும் உங்கள் வயதுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. சோதனையும் செய்துகொள்வது நல்லது. எடுத்த உடனே எம்.ஆர்.ஐ. வேண்டாம். 46 வயது முதுகை ஸ்கேன் எடுத்தால் வலியே இல்லாதவர்களிலும் பலருக்கு ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கித் தெரியும். அப்புறம் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்க அலைவீர்கள்.

வர்ம வைத்தியத்துக்குப் பேர்போன மாவட்டம் இது; பெரியவர் சொன்னதில் வியப்பில்லை. போவதானால் ஆசானிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: கவட்டையிலும் அந்த எலும்பு முனையிலும் அழுத்தித் தடவ வேண்டாம். நசுங்கிக் கிடக்கும் நரம்பை இன்னும் நசுக்கக் கூடாது. வாரம் ஒரு 'நரம்பு ஊசி' போட்டுக்கொள்ளும் பழக்கமும் நம் பக்கம் அதிகம். இரத்தத்தில் வைட்டமின் பி12 குறைவாக இருந்தால் அது பயன் தரும், இல்லையென்றால் பணம்தான் குறையும்.

இப்போது அந்தப் பவர் பேங்க். அது ஒன்றே நானூறு கிராம் இருக்கும். ஃபோனையும் சேர்த்தால் அறுநூறு. இவ்வளவும் ஒரே பக்கம் தொங்கினால் பேண்ட் இறங்கத்தான் செய்யும், நீங்கள் பெல்ட்டை இறுக்கத்தான் செய்வீர்கள். இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. சார்ஜ் ஏற்றும்போது பவர் பேங்க் சூடாகும். நல்ல தோல் என்றால் சுட்டதும் கையை அங்கே கொண்டுபோவீர்கள். மரத்துப்போன தோலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. கேம் கருவியைத் தொடைமேல் வைத்து மணிக்கணக்கில் விளையாடினாலும் இதே கதை. மிதமான சூடு நாள்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் தோலில் வலைப்பின்னல் மாதிரிப் பழுப்புக் கோடுகள் விழும். மடிக்கணினியை மடியில் வைத்து வேலை செய்பவர்களிடம் பார்க்கலாம். உங்கள் தொடையில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று இன்று குளிக்கும்போது பாருங்கள். பவர் பேங்க் உப்பியிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

தோள்பையையும் வீட்டுத் தராசில் ஒருமுறை வையுங்கள். நீங்கள் எழுதிய பட்டியலே இரண்டு கிலோவை நெருங்கும். ஒரு லிட்டர் தண்ணீரும் சாப்பாட்டுப் பாத்திரமும் சேர்ந்தால் மூன்றரையைத் தாண்டிவிடும். ஒரு தோளில் அது சரியாமலிருக்க, உங்களுக்குத் தெரியாமலே அந்தத் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். கழுத்து வலி இன்னும் வரவில்லையென்றால் வரப்போகிறது. இரண்டு பட்டைகள் உள்ள முதுகுப்பைக்கு மாறுங்கள், இரண்டையும் மாட்டுங்கள், கனமானது முதுகை ஒட்டி இருக்கட்டும். பஸ்ஸில் நிற்க நேர்ந்தால், உட்கார்ந்திருப்பவர் மடியில் பையைக் கொடுக்கும் நல்ல வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. உள்ளே அத்தனை விலையுயர்ந்த பொருள் இருப்பதால் நீங்கள் கொடுக்கமாட்டீர்கள் என்று தெரியும். அப்படியானால் கேம் கருவியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். அலுவலகத்தில் விளையாட நேரம் ஏது?

அழுத்தம் நீங்கினால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பெரும்பாலும் தானாகவே சரியாகும். எரிச்சல் தூக்கத்தைக் கெடுத்தால் நரம்பு வலிக்கான மாத்திரைகள் உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்து மட்டும் வாங்குங்கள், கடையில் கேட்டு வாங்க வேண்டாம். அதற்கும் அடங்காவிட்டால் அந்த இடத்தில் ஊசி; அறுவை சிகிச்சை மிக அரிது. ஆறு வாரத்தில் துளியும் மாற்றமில்லையென்றால் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். கால் பலமிழந்தாலோ, பாதம் தொங்கினாலோ, மலஜலம் கழிக்குமிடத்தைச் சுற்றி மரத்தாலோ, சிறுநீர் வராமலோ அடங்காமலோ போனாலோ ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அந்த மேல்சட்டையைத் தாராளமாக வாங்குங்கள். எடை இரண்டு தோள்களுக்கும் பிரிந்து போகும், இடுப்பு சும்மா இருக்கும். பருத்தித் துணியாகப் பார்த்து வாங்குங்கள். இங்குள்ள புழுக்கத்தில் நைலான் போட்டால் வேர்க்குருவுக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். பவர் பேங்க்கை மட்டும் அதிலும் வைக்காமல் முதுகுப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.