சின்ன டன்ஜன் எழுதுவது எப்படி? கேள்வி பதில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் விளையாட்டு; டன்ஜன் என்றால் அதில் மான்ஸ்டரும் புதையலும் உள்ள பாதாள அறைகள். அதன் 1981 பேசிக் விதிகளை வைத்தே எல்லாப் பதிலும். முதல் லெவல் ஆட்கள் நால்வர், ஒரு மாலை ஆட்டம்.

கேள்வி: அண்ணா, எத்தனை அறை வைக்கலாம்?

பதில்: பத்து, பன்னிரண்டு போதும். அறைக்கு ஒரு ஆறுமுகப் பகடை உருட்டுங்கள்: 1, 2 என்றால் மான்ஸ்டர், 3 பொறி, 4 ஏதாவது விசித்திரம், 5, 6 காலி. காலி அறையை அடைத்துவிடாதீர்கள், துரத்தல் வந்தால் ஓடி ஒளிய அதுதான் இடம். மேப்பை மட்டும் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகக் கோக்காதீர்கள். சுற்றி வர ஒரு வழி, வெளியேற இரண்டு வாசல் இருக்கட்டும்.

கேள்வி: புதையல் எவ்வளவு?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. ஒரு தங்கக் காசை வெளியே கொண்டுவந்தால் ஒரு அனுபவப் புள்ளி, லெவல் ஏற அதுதான் கணக்கு. கோப்ளின் என்ற குட்டி மான்ஸ்டர் ஒன்றைக் கொன்றால் வெறும் 5. ஃபைட்டர், அதாவது போர்வீரன், இரண்டாம் லெவலுக்கு 2,000 வேண்டும். நால்வருக்கும் அதே கணக்கென்றால் 8,000. மூன்று ஆட்டத்தில் ஏறட்டும் என்றால் இங்கே 2,600 தங்கத்துக்குச் சரக்கு வையுங்கள்.

அது எந்த உருவில் இருக்கிறது என்பதில்தான் ஆட்டமே. 600 தங்கத்தை வெள்ளியாக வைத்தால் 6,000 காசு. ஒருவர் தூக்கக்கூடியது அதிகபட்சம் 1,600 காசு எடை, கவசமும் ஆயுதமும் அதற்குள் அடக்கம். அவற்றைக் கழற்றிப் போட்டால்தான் நால்வரும் ஒரே நடையில் தூக்க முடியும், அப்போதும் பத்து நிமிட டர்னுக்கு 30 அடிதான் நகர்வார்கள். சுமையில்லாவிட்டால் 120. வாசல் 300 அடி தள்ளி என்றால் பத்து டர்ன். டார்ச் ஆறு டர்னில் அணையும். இரண்டு டர்னுக்கு ஒருமுறை ஆறில் ஒன்று வாய்ப்பில் ஏதாவது எதிரே வரும், ஆக ஐந்து உருட்டல். அதே 600-ஐ ரத்தினமாக வைத்தால் மடியில் முடிந்துகொண்டு போய்விடுவார்கள்.

கேள்வி: எத்தனை அறை சார்?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: மான்ஸ்டர் பார்த்ததும் பாயுமா?

பதில்: இரண்டு பகடை உருட்டி 2 வந்தால் மட்டும் உடனே பாயும். 6 முதல் 8 வரை தயக்கம். அதனால் அதற்கு என்ன தேவை என்று ஒரு வரி எழுதி வையுங்கள், பேரம் பேச உதவும்.

கேள்வி: ரகசியக் கதவு?

பதில்: ஆட்டம் நகர அவசியமான எதையும் அதன் பின்னால் வைக்காதீர்கள். தேடுபவருக்கு ஆறில் ஒன்று, எல்ஃப் இனப் பாத்திரத்துக்கு இரண்டு. எல்ஃப் இல்லாமல் நால்வரும் சேர்ந்து தேடினாலும் பாதிக்குப் பாதிதான்.

கேள்வி: வாயால் சொன்னால் போதாதா? பகடை எதற்கு?

பதில்: "அலமாரியை நகர்த்துகிறேன்" என்றால் கதவு தெரியட்டும், உருட்டாதீர்கள். "சுவரைத் தேடுகிறேன்" என்றால் உருட்டுங்கள், ஒரு டர்ன் கழியுங்கள்.

கேள்வி: அது வாய்ச்சாமர்த்தியம் உள்ளவருக்குத்தானே சாதகம்?

பதில்: அலமாரி இருப்பதை நீங்கள் சொல்லியிருந்தால் இல்லை. தரையில் அரைவட்டக் கீறல், ஒரு பக்கம் மட்டும் தூசி இல்லை: இதை அறை விவரிப்பிலேயே எழுதிவிடுங்கள். தடயமே தராமல் ஊகிக்கச் சொன்னால் நீங்கள் கேட்பது நியாயம்.

கேள்வி: இதே விளையாட்டின் ஐந்தாம் எடிஷனுக்கும் இதே கணக்கா?

பதில்: இல்லை. அது தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: அறை முப்பது வைத்தால்?

பதில்: பன்னிரண்டு. வரிசையாகக் கோக்காமல்.