கையால் கட்டும் காருக்கு சீட்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

கேள்வி: நானும் தம்பியும் நண்பரின் வெல்டிங் பட்டறையில் லோட்டஸ் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் திறந்த காரின் மாதிரியில் இரண்டு பேர் உட்காரும் கார் ஒன்றைக் கட்டி வருகிறோம். பழைய ஆம்னியின் இன்ஜினும் கியர்பாக்ஸும் வைத்தாயிற்று. சீட் விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டோம். வெளிநாட்டு பக்கெட் சீட் (உடம்பை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் சீட்) ஜோடி 80,000 ரூபாய் சொல்கிறார்கள். ஆன்லைனில் 'ரேஸிங் சீட்' என்று 9,000-க்கும் கிடைக்கிறது. சென்னை புதுப்பேட்டையின் பழைய வண்டிப் பாகக் கடைகளில் பார்க்கலாமா, இல்லை நாங்களே செய்துகொள்ளலாமா?
– வியாசர்பாடி வாசகர்

பதில்: கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் டேப்பை எடுங்கள். உங்கள் காரில் நடுவில் கியர்பாக்ஸை மூடும் டனல், ஓரத்தில் சேஸிஸ் (காரின் இரும்புச் சட்டம்) பைப். இரண்டுக்கும் நடுவே இருக்கும் அகலம்தான் உங்கள் சீட்டின் அகலம். சாதாரண காரின் சீட் பலவும் அதற்குள் இறங்காது. அகலத்தைவிட முக்கியம் உயரம். தரையில் ஒரு பிளைவுட் துண்டு, முதுகுக்கு ஒரு துண்டு வைத்து, ஹெல்மெட் போட்டு உட்காருங்கள். தலைக்குப் பின்னால் இருக்கும் ரோல் பாரின் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு) உச்சிக்கும் ஹெல்மெட்டின் உச்சிக்கும் குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும், ஹெல்மெட் கீழே, பார் மேலே. உங்கள் இருவரில் உயரமானவரை வைத்து அளந்துகொள்ளுங்கள். நிறைய பேர் சீட்டை வாங்கி ரெயிலோடு (சீட் முன்னும் பின்னும் நகரும் தடம்) மாட்டிய பிறகுதான் தலை பாருக்கு மேலே நிற்பதைப் பார்க்கிறார்கள். அப்புறம் சீட்டை விற்க வேண்டும், இல்லையென்றால் பாரை அறுக்க வேண்டும். இரண்டும் நஷ்டம்.

இப்போது புதுப்பேட்டை. பழைய சீட் வாங்குவதில் தப்பே இல்லை. நானோ, மாருதி 800 மாதிரி சின்ன கார்களின் முன் சீட்டை முதலில் கேளுங்கள். கம்பெனியிலேயே சோதித்து வந்த ஃபிரேம், பூட்டோடு கூடிய ரெயில் எல்லாம் கையோடு வந்துவிடும். கடைக்காரர் சீட்டை நிமிர்த்தி வைத்து மேலே தட்டிக் காட்டுவார். நீங்கள் கவிழ்த்துப் பாருங்கள். கவரின் அடி ஓரத்தைக் கம்பி வளையங்கள் ஃபோமோடு இழுத்துப் பிடித்திருக்கும். ஒரு வளையத்தை விலக்கி விரலை உள்ளே விடுங்கள். மாவு மாதிரி வண்டல் ஒட்டினாலோ, வளையம் துருவேறிப் பொடிந்தாலோ அது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்த ஊரில் எத்தனை கார்கள் மூழ்கின என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேல் துணியைத் துவைத்துவிடலாம். ஃபிரேமின் வெல்டிங் மூலையில் உள்ளிருந்து தின்னும் துருவை யாரும் துவைக்க முடியாது.

அடுத்து ரெயில். சீட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பூட்டிவிட்டு இரண்டு பக்கமும் பல் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் வேண்டாம். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அந்த ஒயரை வெட்டவோ, பேட்டரி வைத்துச் சோதிக்கவோ கூடாது. அந்த சீட்டை அங்கேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

உயரம் இடிக்கிறது என்று ரெயிலைக் கழற்றிவிட்டு சீட்டை நேராகத் தரையில் வைப்பவர்கள் உண்டு. செய்யலாம். ஆனால் ஃபிரேமின் காலை அறுத்துப் புதுக் கால் வெல்டிங் வைத்தால், சோதித்த ஃபிரேம் என்று சொன்னேனே, அந்த லாபம் அத்தோடு போயிற்று.

நீங்களே செய்வது என்றால், வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. காசிமேட்டில் படகுக்கு ஃபைபர் போடுகிறவர்களின் கைத்திறமையை நான் மனதார மதிக்கிறேன். உப்புத் தண்ணீரில் அலை அடிக்க அடிக்க நிற்கும் படகு ஓடு செய்கிறவர்களுக்கு ஒரு சீட் ஓடு பெரிய விஷயமே இல்லை. ஆனால் என்ன வேண்டும் என்று நீங்கள்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும். 450 கிராம் மேட்டில் (சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு) எத்தனை அடுக்கு, போல்ட் வரும் இடத்தில் எத்தனை கூடுதல் அடுக்கு, அங்கே உள்ளே வைத்துப் புதைக்கும் இரும்புத் தகடு எவ்வளவு பெரிது, இதையெல்லாம் காகிதத்தில் வரைந்து கொடுத்து விலை பேசுங்கள். ஓட்டின் ஓரம் உருண்டு மடிந்து வர வேண்டும். தட்டையாக வெட்டிவிட்டால் தோள் பக்கம் ஆடும். 'இந்தக் கம்பெனி சீட்டைக் கொண்டா, அப்படியே அச்சு எடுத்துத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அச்சில் வடிவம் வரும், உள்ளே அந்தக் கம்பெனி போட்ட அடுக்கு வராது.

வீட்டிலேயே ரெசின் (கண்ணாடி இழையை ஒட்டி இறுக்கும் பிசின்) கலக்கப் போகிறீர்கள் என்றால் இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்: கோபால்ட்டையும் (ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) ஹார்ட்னரையும் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டைக் கலக்கி முடித்து, பிறகுதான் ஹார்ட்னர். கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினும் விற்கிறது, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஹார்ட்னர் சாதாரணமாக 1 முதல் 2 சதவீதம். சித்திரை வெயிலில் 1 சதவீதம் பக்கமே நில்லுங்கள், இல்லையென்றால் டப்பாவிலேயே கெட்டியாகிவிடும். கதவைத் திறந்துவைத்து, கையுறை போட்டு வேலை செய்யுங்கள்.

ஓடு காய்ந்ததும் தரையில் வைத்து உட்கார்ந்து, முதுகால் பலமாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். இடுப்பு வளைவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் உள்ளே அடுக்கு விரிசல் விட்டிருக்கிறது. அதன் மேல் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். ஓடு நன்றாகவே வந்தாலும், கையால் செய்த சீட்டின் முதுகைத் தனியாக நிற்கவிடாமல், பின்னால் ஒரு குறுக்குப் பைப்பிலோ தகட்டுச் சுவரிலோ முட்டுக்கொடுத்து வையுங்கள்.

இந்த இரண்டையும்விட மலிவான வழி ஒன்று உண்டு. உங்கள் பட்ஜெட்டுக்கு நான் சொல்வது அதைத்தான். 1957-ல் லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் லோட்டஸ் செவனைக் கொண்டுவந்தபோது அதில் இன்றைக்கு இருக்கும் பக்கெட் சீட் எல்லாம் கிடையாது. கீழே ஒரு மெத்தை, பின் தகட்டில் சாய்ந்துகொள்ள ஒரு மெத்தை, அவ்வளவுதான். பிரிட்டனில் அப்போது முழுக் காருக்கு வரி, பாகங்களாக வாங்கி வீட்டில் கட்டினால் அந்த வரி இல்லை என்பதால் சிக்கனக்காரர்களுக்காகவே வந்த கார் அது. உங்கள் சேஸிஸில் பின் தகட்டுச் சுவர் சரியான சாய்வில் இருந்தால் அதையே முதுகாக வைத்துக்கொள்ளலாம். தனி ஃபிரேம் இல்லை, ரெயில் இல்லை, உயரப் பிரச்சினையும் இல்லை. நீங்களும் தம்பியும் ஏறக்குறைய ஒரே உயரம் என்றால் பெடலை ஒரே இடத்தில் வைத்துவிடலாம். உயரம் வேறு என்றால் குட்டையானவருக்கு முதுகில் இன்னொரு மெத்தை.

ஆனால் மெத்தையைச் சோஃபா மாதிரி செய்யாதீர்கள். மெத்தென்ற தடித்த ஃபோமில் உட்கார்ந்தால், மோதும்போது உடம்பு முதலில் அமுங்கி, இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போகும். பெல்ட் வயிற்றில் ஏறிவிடும். கீழே கெட்டியான ரீபாண்டட் ஃபோம் (ஃபோம் துண்டுகளை ஒட்டி அழுத்தியது), மேலே ஒரு மெல்லிய அடுக்கு போதும். தொடைக்குக் கீழே முன் ஓரத்தை ஒரு மரக்கட்டையோ மடித்த தகடோ வைத்துத் தூக்கிவிடுங்கள். தலைக்குப் பின்னால் தாங்கி இல்லாமல் இந்த வழியை எடுக்காதீர்கள். ரோல் பாரிலேயே கெட்டி ஃபோம் வைத்த ஒரு தகட்டைப் பொருத்துங்கள்.

சீட் எதுவாக இருந்தாலும், மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் அது சேஸிஸில் பிடிக்கும் இடம். பந்தயக் கார்களுக்கு எஃப்.ஐ.ஏ. (உலக மோட்டார் பந்தய அமைப்பு) வைத்திருக்கும் விதியையே நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு சீட்டுக்குக் குறைந்தது 4 இடத்தில் பிடிப்பு, 8 மி.மீ.க்குக் குறையாத போல்ட், அதன் பின்னால் தாங்கு தகடு இரும்பானால் 3 மி.மீ., அலுமினியக் கலவையானால் 5 மி.மீ. பெல்ட்டுக்கு 12 மி.மீ. போல்ட், 8.8 கிரேடு (பலத்தைக் குறிக்கும் எண்). போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கும், பொறிக்காததை வாங்காதீர்கள். நம் பக்கம் கடல் காற்று என்பதால் 'எஸ்.எஸ். போல்ட் போடுங்க, துருவே பிடிக்காது' என்பார்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் பலம் 8.8-ஐவிடக் குறைவு. முலாம் பூசிய 8.8 போட்டு, மழைக்காலம் முடிந்ததும் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். பெல்ட்டை சீட்டில் கட்டாதீர்கள், சேஸிஸில் கட்டுங்கள். தோள் பெல்ட் சீட் முதுகின் மேல் விளிம்பிலிருந்து ஏறக்குறைய கிடைமட்டமாகப் பின்னால் போக வேண்டும். செங்குத்தாகக் கீழே இறங்கினால் மோதலில் முதுகெலும்பை அமுக்கும்.

இன்னொன்று. இந்தக் காரை எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற அமைப்பில் மாதிரிச் சோதனை தேறாத வண்டிக்குப் பதிவு கிடைக்காது. பதிவில்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் கையால் கட்டிய கார்களும் அங்கே ஓடின. இன்றைக்கு இருங்காட்டுக்கோட்டை டிராக்தான் வழி. அங்கே போட்டியில் இறங்குவதாக இருந்தால் அந்தப் பிரிவுக்கு என்ன சீட் கேட்கிறார்கள் என்று முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சான்று உள்ள சீட்தான் வேண்டும் என்றால் மேலே சொன்ன சிக்கன வழி எதுவும் செல்லாது. அந்த 80,000-த்துக்குத்தான் சேர்க்க வேண்டும்.

கேள்வி: மகன் கல்லூரிப் போட்டிக்காகச் செய்யும் காருக்கு ஆன்லைனில் 'எஃப்.ஐ.ஏ. சான்று பெற்றது' என்று போட்டிருந்த பக்கெட் சீட்டை வாங்கினேன். பத்து நாள் கழித்து மாட்டப் போனபோது அடி ஃபிரேமில் வெல்டிங் விட்டிருந்தது. திருப்பி அனுப்பும் ஏழு நாள் முடிந்துவிட்டது என்கிறார் விற்பனையாளர். இனி ஒன்றும் செய்ய முடியாதா?
– எண்ணூர் வாசகி

பதில்: முடியும் அம்மா. அந்த ஏழு நாள் அவர்கள் வைத்த விதி, சட்டம் இல்லை. 2020-ன் மின் வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ, போலியையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததையோ திருப்பி எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. உங்கள் கையில் இரண்டு காரணம் இருக்கிறது, வெல்டிங் ஒன்று, சான்று இன்னொன்று.

சான்றை நீங்களே சோதிக்கலாம். உண்மையான சீட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் தரத்தின் எண் 8855-1999 என்பது போல இருக்கும். கூடவே தயாரிப்பாளர் பெயர், மாடல், சான்று எண், தயாரித்த மாதமும் வருடமும் இருக்க வேண்டும். 8855-1999 சீட்டுக்குத் தயாரித்த நாளிலிருந்து 5 வருடம்தான் கணக்கு. வெறும் எஃப்.ஐ.ஏ. சின்னம் மட்டும் தைத்திருந்தால் அது அலங்காரம். சான்று எண்ணை எஃப்.ஐ.ஏ. தன் தளத்தில் வெளியிடும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே படம் பிடித்து வைத்துவிடுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். வெல்டிங் விட்ட இடம், லேபிள், பில் எல்லாவற்றையும் படமெடுத்து விற்பனையாளருக்கும் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் எழுத்தில் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதுவரை சீட்டை யாரிடமும் கொடுத்து வெல்டிங் வைத்துவிடாதீர்கள். ஒட்டிவிட்டால் ஆதாரம் போய்விடும். அதைவிட, உங்கள் பிள்ளை அதில் உட்காரக் கூடாது.

கேள்வி: மேல்கூரை இல்லாத கார். சீட்டுக்கு ரெக்சினா, துணியா?
– தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: ரெக்சின், வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும் என்று சொல்லி விற்கும் தடித்த ரகம். பெரியமேட்டில் கேட்டுப் பாருங்கள். கறுப்பு வேண்டாம், மே மாதத்தில் தொடை வெந்துவிடும். பருத்தி நூலில் தைத்தால் ஒரு மழைக்காலத்தில் மக்கிவிடும், பாலியஸ்டர் நூல் கேளுங்கள். மெத்தையின் அடியிலும் காரின் தரையிலும் தண்ணீர் வடிய ஓட்டை விடச் சொல்லுங்கள். வாங்குவதற்கு முன்னால் ரெக்சினிலும் ஃபோமிலும் ஒரு துண்டு வாங்கி, வெட்டவெளியில் தள்ளி நின்று கொளுத்திப் பாருங்கள். நெருப்பை எடுத்த பிறகும் சொட்டச் சொட்ட எரிந்தால் அந்த ரகம் வேண்டாம். பெட்ரோல் டேங்க் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.