பழைய பொம்மை ரயில் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பொம்மை ரயில்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. 1930களின் ஹார்ன்பி பிராண்ட் என்று சொல்லி, சாவி கொடுத்து ஓட்டும், ஓ கேஜ் என்ற தண்டவாள அளவுக்கான எஞ்சின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பெயின்ட் புத்தம்புதிதாக மின்னுகிறது. ‘ஒருநாளும் ஓடாதது’ என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

ரா.

அன்புள்ள ரா.,

அந்த மின்னல்தான் எனக்கு இடிக்கிறது. 90 வயது எனாமல் சற்று மங்கி, விளிம்பில் தேய்ந்து இருப்பதே இயல்பு. எஞ்சினைக் கவிழ்த்து, பாகங்களை இணைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள்.

1920இல் ஃபிராங்க் ஹார்ன்பியின் லிவர்பூல் நிறுவனம் விற்ற முதல் ரயில்கள் நட்டு போல்ட்டில் கோத்தவை; பிள்ளைகள் கழற்றி மாட்டுவதற்கென்றே அப்படி. பிறகு தகர நாக்குகள் வந்தன. துளைக்குள் விட்டு ஒரே தடவை மடித்த நாக்கு அது. யாராவது நிமிர்த்தி மறுபடி மடித்திருந்தால் மடிப்பில் மயிரிழை விரிசல் ஓடும், சிலசமயம் நாக்கே ஒடிந்திருக்கும். பிரித்து பெயின்ட் அடித்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். திருகாணியின் பள்ளத்தில் பெயின்ட் அடைத்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஓடியதா என்பதைச் சக்கரத்தின் ஓடுபரப்பு சொல்லிவிடும். லயனல் என்ற அமெரிக்க பிராண்ட் மாதிரி மூன்று தண்டவாள மின்ரயில் என்றால் நடுத் தண்டவாளத்தில் உருளும் சிறு உருளையில் தேய்மானம் தெரியும். ஓடியது குறையே அல்ல. என்னிடம் இருப்பவை எல்லாமே ஓடியவைதான்.

உண்மையில் பயப்பட வேண்டியது சக்கரம் போன்ற பாகங்களின் துத்தநாக வார்ப்புக்கு. அந்தக் காலத்து வார்ப்பில் ஈயம் துளி கலந்திருந்தாலும் போதும். பல ஆண்டுகள் கழித்து உலோகம் வீங்கி, வலைவலையாக வெடித்து, பிஸ்கட் மாதிரி உதிரும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். மருந்து கிடையாது. பூதக்கண்ணாடி வைத்துச் சக்கரத்தின் ஆரங்களைப் பாருங்கள், பிறகு சுழற்றிப் பாருங்கள்; வீங்கிய சக்கரம் எங்காவது உரசும். பக்கத்து எஞ்சினுக்குப் பரவும் என்பது வெறும் பயம். சக்கரங்களை ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால் முகம் சுளிக்காதீர்கள், ஓட்ட நினைப்பவருக்கு அது நல்ல செய்தி.

சாவியை முழுக்க முறுக்கிக் காட்டச் சொல்லாதீர்கள். எண்ணெய் காணாத பழைய ஸ்பிரிங்குக்கு ஓரிரு திருகல் போதும்.

மறுபூச்சு என்று உறுதியானால் அசலுக்கான விலையைக் கொடுக்க வேண்டாம். விலையைக் குறைத்தால் வாங்குங்கள். கீறிவிடுமோ என்ற கவலையில்லாமல் தினமும் ஓட்டலாம்.