பாராசூட் அடித்துத் திறக்கிறதா? மூக்கை விட்டு ஸ்லைடரைக் கவனியுங்கள்

கேள்வி: 130 ஜம்ப் முடித்திருக்கிறேன். என்னுடையது 9 செல் (காற்று நிரம்பும் அறைகள்), 170 சதுர அடி கேனோபி (பாராசூட்டின் விரியும் துணிப் பகுதி). கேனோபியைத் தோளில் தொங்கவிட்டு மடிக்கும் ப்ரோ பேக் முறையில் நானே மடிக்கிறேன். ஐந்தில் ஒரு முறையாவது கழுத்தே கழன்றுவிடும்போல் அடித்துத் திறக்கிறது. கேனோபியின் மூக்கை, அதாவது காற்று நுழையும் முன்விளிம்பை, இறுக்கமாகச் சுருட்டினால் சரியாகும் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? வேறு எதை மாற்ற வேண்டும்?

பதில்: மூக்கைச் சுருட்டுவது கடைசியாகக் கைவைக்க வேண்டிய விஷயம். திறப்பை நிதானப்படுத்தும் ஸ்லைடர் சரியான இடத்தில் இல்லாவிட்டால் மூக்கை எவ்வளவு இறுக்கிச் சுருட்டினாலும் அடி விழத்தான் செய்யும்.

"ஐந்தில் ஒரு முறை" என்று நீங்கள் எழுதியிருப்பது நல்ல துப்பு. கேனோபியிலேயே கோளாறு இருந்தால் பெரும்பாலும் எல்லா ஜம்பிலும் அடிக்கும், அல்லது மாதக்கணக்கில் படிப்படியாக மோசமாகும். எப்போதாவது மட்டும் அடிக்கிறது என்றால் மடிப்பையோ, பாராசூட்டைத் திறக்க இழுக்கும் நேரத்து உடல் நிலையையோ முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்லைடர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நான்கு மூலையிலும் வளையம் வைத்த செவ்வகத் துணி அது. கேனோபியை உங்களோடு இணைக்கும் கயிறுகளான லைன்கள் அந்த வளையங்கள் வழியே ஓடுகின்றன. விரியப் பார்க்கும் கேனோபி அதைக் கீழே தள்ளுகிறது, கீழிருந்து வரும் காற்று மேலே அழுத்துகிறது. இந்த இழுபறி நீடிக்கும் வரை கேனோபி நிதானமாக நிரம்பும். மடிக்கும்போதே ஸ்லைடர் 10 செ.மீ. கீழே இறங்கியிருந்தால், அந்த அளவுக்குக் கேனோபிக்கு விரிய இடம் கிடைத்துவிடும். இழுபறியே இல்லாமல் ஸ்லைடர் சரேலென்று இறங்கும். நீங்கள் வாங்கும் அடி அதுதான்.

ஆகவே மடிப்பை இங்கிருந்து தொடங்குங்கள். சுருக்கக்கூடிய ஸ்லைடர் என்றால் அதன் நாடாவை முழுவதும் தளர்த்தி, துணி நன்றாக விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். தரையிறங்கும் முன் சுருக்கியதை மறந்து அப்படியே மடித்துவிட்டால் அடுத்த திறப்பு மிகக் கடுமையாக இருக்கும். பிரேக்கையும் இப்போதே டாகிளோடு (பிரேக் லைனை இழுக்கும் கைப்பிடி) சரியாக மாட்டிவிடுங்கள். பிரேக் மாட்டாத கேனோபி வேகமாக முன்னோக்கிப் பாய்ந்தபடி திறக்கும். ஒரு பக்கம் மட்டும் மாட்டியிருந்தால் சுழலவும் செய்யும்.

கேனோபியைத் தோளில் போட்டு, மடிப்புகளை எடுத்து, லைன்களை நடுவில் சேர்த்த பிறகு, ஸ்லைடரின் நான்கு வளையங்களையும் ஒவ்வொன்றாக மேலே தள்ளி, வளையம் மேலும் ஏறாமல் நிறுத்தும் தடுப்புகளில் முட்டுகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். நான்கும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். லைன் தொகுதிகளுக்கு நடுவே ஸ்லைடர் துணியை நான்காகப் பிரித்துவிட்டு, அதன் முன்விளிம்பை மூக்குக்கு முன்னால் சற்று வெளியே இழுத்துவிடுங்கள். காற்று முதலில் பிடிக்க வேண்டியது செல்களை அல்ல, ஸ்லைடரை.

இதுவரை பெரும்பாலோர் சரியாகவே செய்துவிடுகிறார்கள். கெடுவது அடுத்த அரை நிமிடத்தில்தான். வாலை, அதாவது பின்விளிம்பை, சுற்றி, கேனோபியைத் தரையில் படுக்கவைக்கும்போது லைன் தளர்கிறது. காற்றை வெளியேற்ற அதன் மேல் படுத்துப் புரளும்போது ஸ்லைடர் ஓசையில்லாமல் கீழே நழுவுகிறது. துணி சுற்றியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கையால் லைன்களை வளையத்துக்குக் கீழே இறுகப் பிடித்து, மறு கையால் கேனோபியை ஏந்தி, இழுவிசை குறையாமல் படுக்கவையுங்கள். பையில் போடும் முன் அடிப்பக்கம் கைவிட்டு வளையங்களை மறுபடி தொட்டுப் பாருங்கள். இறங்கியிருந்தால் சோம்பல் படாமல் பிரித்து மடியுங்கள்.

இரண்டாவது சந்தேகம், லைன்களை மடித்துக் கேனோபிப் பையோடு பிடித்துவைக்கும் ரப்பர் பேண்ட். தளர்ந்த பேண்டிலிருந்து லைன்கள் முறையாக ஒவ்வொன்றாக அவிழாமல் மொத்தமாகக் கொட்டிவிடும். அப்போது லைன் முழுதாக நீளும் முன்பே கேனோபி பையை விட்டு வெளியேறி நிரம்பத் தொடங்கும். லைன் விறைக்கும் கணத்தில் மொத்த அதிர்ச்சியும் உங்கள் உடம்பில் இறங்கும். ஒவ்வொரு பேண்டிலிருந்தும் லைன் விடுபட சுமார் 4 முதல் 5 கிலோ இழுவிசை தேவைப்பட வேண்டும். சாதாரண ஸ்பிரிங் தராசால் இதை அளந்துவிடலாம். பேண்டுக்கு வெளியே லைன் வளைவு 5 முதல் 7 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். மெல்லிய லைனாக இருந்தால் பேண்டை இரண்டு சுற்றுப் போடுங்கள், அல்லது சிறிய பேண்டுக்கு மாறுங்கள். பையின் வாயைப் பூட்டும் பேண்டுகளில் துளி விரிசல் தெரிந்தாலும் உடனே மாற்றுங்கள். கடைசி வளைவுக்கும் ரைசருக்கும் (லைன்களைத் தோள்பட்டையோடு இணைக்கும் பட்டை) இடையே 45 முதல் 60 செ.மீ. லைன் விட்டால் போதும்.

இவ்வளவும் சரியாக இருந்து, இன்னும் கொஞ்சம் மெதுவாகத் திறக்க வேண்டும் என்றால் மட்டும் மூக்குக்கு வாருங்கள். முதலில் கேனோபி தயாரிப்பாளரின் கையேடு என்ன சொல்கிறது என்று பாருங்கள். மூக்கைத் தொடவே வேண்டாம் என்று சொல்லும் மாடல்களும் உண்டு. கையேடு அனுமதித்தால், இடப்புறம் 4 செல், வலப்புறம் 4 செல் இரண்டையும் நடுச் செல்லை நோக்கி ஒன்று அல்லது இரண்டு சுற்று மட்டும் சுருட்டுங்கள். நடுச் செல் வெளியே தெரியட்டும். இரு பக்கமும் சம அளவாக இல்லாவிட்டால் கேனோபி திசை திரும்பித் திறக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் திறப்பு நீண்டு உயரத்தைத் தின்னும். எனவே புதிய மடிப்பை முதன்முதலில் சோதிக்கும்போது வழக்கத்தைவிட 150 மீட்டர் மேலேயே இழுங்கள். கேனோபியையோ ஸ்லைடரையோ எதைக் கொண்டும் கட்டிவைப்பது மட்டும் கூடவே கூடாது.

உடல் நிலையையும் விட்டுவிடாதீர்கள். திறப்பின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 190 கி.மீ.க்குப் பதில் 240 கி.மீ. வேகத்தில் இழுத்தால் விசை ஏறக்குறைய 60 சதவீதம் கூடும். ட்ராக் செய்து (மற்றவர்களிடமிருந்து விலகி வேகமாகப் பக்கவாட்டில் பறந்து) முடித்த கையோடு இழுக்காமல், வயிறு கீழாகச் சமநிலைக்கு வந்து, வேகம் தணிய சில வினாடி கொடுங்கள். அந்த வினாடிகளுக்கான உயரத்தை முன்கூட்டியே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். தோள்கள் ஒரே மட்டத்திலும், பார்வை அடிவானத்திலும் இருக்கட்டும். குனிந்து பார்த்தபடி இழுத்தால் கழுத்துதான் அடி வாங்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறைந்தது 5 ஜம்ப் செய்து பதிவேட்டில் குறியுங்கள். இல்லாவிட்டால் எது பலன் தந்தது என்றே தெரியாமல் போகும். மாற்றிய மடிப்பை முதல் தடவை ஒரு ரிக்கரின் (பாராசூட்டைச் சோதித்துப் பராமரிக்கும் நிபுணர்) கண்முன்னே செய்து காட்டுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அடித்தால் லைன்களை அளக்கச் சொல்லுங்கள். ஸ்பெக்ட்ரா என்ற செயற்கை இழையாலான லைன்கள் ஸ்லைடர் வளையம் உரசும் சூட்டில் சுருங்கும். ஓரத்து லைன்கள் அதிகம் சுருங்குவதால் கேனோபியின் வடிவமே மாறிவிடும். பைலட் சூட் (கேனோபியை வெளியே இழுக்கும் சிறு பாராசூட்) தேவைக்கு மேல் பெரிதா, ஸ்லைடர் அந்தக் கேனோபிக்கு உரிய அளவுதானா என்பதையும் ரிக்கர் பார்த்துவிடுவார்.

கடுமையாக அடித்த ஒவ்வொரு முறையும், மறுபடி மடிக்கும் முன் லைன்கள் கேனோபியோடு சேரும் இடங்கள், செல் சுவர்களின் தையல், ஸ்லைடர் வளையங்களைச் சுற்றிய துணி ஆகியவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு தையல் பிரிந்திருந்தாலும் அந்தக் கேனோபி அன்றைக்கு மேலே போகக் கூடாது. உங்கள் கழுத்தில் வலியோ கையில் மரத்த உணர்வோ இருந்தால் நீங்களும் போகக் கூடாது, மருத்துவரைப் பாருங்கள்.