கலைஞர்களே நடத்தும் கண்காட்சிக் கூடம்: டெல்டாவில் சாத்தியமா?

கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்து முடித்த நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கூடம் தொடங்கலாமா, கேலரிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தொடங்கலாம்.

வணிக கேலரி, படைப்பை விற்றுக் கமிஷன் எடுத்துத்தான் ஓட வேண்டும். அதனால் விலைபோவதையே பெரும்பாலும் மாட்டும். கலைஞர்களே நடத்தும் இடத்தில் எதைக் காட்டுவது என்பது அவர்கள் முடிவு. விற்காத இன்ஸ்டலேஷனுக்கும் (ஓர் இடத்தையே படைப்பாக அமைத்துக் காட்டும் கலை) வீடியோவுக்கும்கூட இடம் உண்டு. வாடகையும் கரண்ட் பில்லும் அவர்கள் தலையில்தான். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று சென்னைக்கு அருகே தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம், பத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றுவது) போன்ற கைவினைப் பொருட்களை விற்றுத்தான் காலூன்றியது. அந்த வழி உங்களுக்கும் உதவும்.

என்னைக் கேட்டால், கண்காட்சியைவிட அதைச் சுற்றி நடக்கும் நிகழ்ச்சிகள்தான் உயிர். உலோகச் சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதி ஒருவரைப் பட்டறைக்குக் கூப்பிடுங்கள். மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டலை அடுக்கடுக்காகப் பூசிக் காயவைத்துச் சுட்டால், மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். பள்ளிப் பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்க்கட்டும். பக்கத்திலேயே நவீன சிற்பம் ஒன்றை வையுங்கள், கேள்விகள் தானாக வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் காகித ஓவியங்களை மாட்டாதீர்கள், அடைமழை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். சம்பா அறுவடை நேரத்தில் திறப்பு விழா வைத்தால் சுற்றுக் கிராமத்து ஆட்கள் வர முடியாது. பங்குனி மாலை வேளை தோதானது. நுழைவுக் கட்டணம் வேண்டவே வேண்டாம்.